‘ஒரு வருடம் மட்டும்’: போலந்தியரின் முடியாத தற்காலிகம்

2004 மே 1ஆம் தேதி போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மாதத்துக்கு 824 ஸ்வோட்டி. அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு பிரிட்டிஷ் பவுண்டு ஏறக்குறைய 7 ஸ்வோட்டிக்குச் சமம். பிரிட்டனின் குறைந்தபட்சக் கூலியோ மணிக்கு நாலரைப் பவுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால், போலந்தில் ஒரு மாதம் முழுக்க உழைத்து வாங்கும் சம்பளத்தை லண்டனில் 26 மணி நேரத்தில், அதாவது மூன்றரை நாளுக்குள், சம்பாதித்துவிடலாம். அறை வாடகையும் பேருந்துக் கட்டணமும் அந்தக் காசை எவ்வளவு வேகமாகத் தின்னும் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் வீட்டு அடுக்களை மேசையில் உட்கார்ந்து, போவதா வேண்டாமா என்று யோசித்த 21 வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு கணக்கு போதுமானதாக இருந்தது.

அந்த வயதுக்காரர்கள் அப்போது போலந்தில் மிக அதிகமாக இருந்ததும் தற்செயலன்று. 1980களின் தொடக்கத்தில் அங்கு பிறப்பு விகிதம் உச்சத்தைத் தொட்டது; 1983இல் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. கம்யூனிச ஆட்சி முடிந்தபின் கல்லூரிகள் பெருகி, 1990இல் சுமார் 4 லட்சமாக இருந்த உயர்கல்வி மாணவர் எண்ணிக்கை பதினைந்தே ஆண்டுகளில் 19 லட்சத்தை எட்டியது. பட்டத்தோடு வெளியே வந்த இந்தத் தலைமுறையை எதிர்கொண்டது 20 விழுக்காட்டை ஒட்டிய வேலையின்மை. அதே வேளையில் ஒன்றியத்தின் பழைய உறுப்பு நாடுகளில் பிரிட்டன், அயர்லாந்து, சுவீடன் ஆகிய மூன்று மட்டுமே புதிய உறுப்பினர்களின் தொழிலாளருக்கு முதல் நாளிலிருந்தே கதவைத் திறந்துவிட்டன. பக்கத்து நாடான ஜெர்மனி, அனுமதிக்கப்பட்ட ஏழு ஆண்டு அவகாசத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டு 2011 வரை கதவைச் சாத்தியே வைத்திருந்தது. பிரான்சில் 2005ஆம் ஆண்டின் ஐரோப்பிய அரசியலமைப்பு வாக்கெடுப்பையொட்டி ‘போலந்துக் குழாய்ப் பணியாளர் வந்து நம் பிழைப்பைக் கெடுத்துவிடுவார்’ என்ற பூச்சாண்டி கிளம்பியது. போலந்துச் சுற்றுலாத் துறை அழகான ஓர் இளைஞரைக் குழாய்ப் பணியாளர் வேடத்தில் நிறுத்தி, ‘நான் போலந்திலேயே இருக்கிறேன், நீங்கள் திரளாக வாருங்கள்’ என்று பிரெஞ்சு மொழியில் சுவரொட்டி போட்டுப் பதிலடி கொடுத்தது. நல்ல நகைச்சுவைதான், ஆனால் நிஜத்தில் குழாய்ப் பணியாளர் போலந்தில் இருக்கவில்லை. லண்டனில் இருந்தார்.

பிரிட்டிஷ் உள்துறைக்காகத் தயாரிக்கப்பட்ட மதிப்பீடு, புதிய உறுப்பு நாடுகள் அனைத்திலிருந்தும் சேர்த்து ஆண்டுக்கு நிகரமாக 5,000 முதல் 13,000 பேர் வரை வரக்கூடும் என்றது. நடந்ததை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் வாழ்ந்த, போலந்தில் பிறந்தவர்களின் எண்ணிக்கை 2001இல் சுமார் 58,000, 2011இல் 5,79,000, 2021இல் 7,43,000. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்த இரு பகுதிகளிலும் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் முதன்மை மொழியாகக் குறிப்பிட்டது போலிஷ் மொழியை. வேல்ஸ் மொழிக்கும் பஞ்சாபிக்கும் பழகிப்போயிருந்த நாட்டுக்கு இது பெரிய வியப்பு.

இந்த எண்கள் பலமுறை எழுதப்பட்டவை. அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு: இவர்களில் பெரும்பாலோர் குடிபெயரப் போவதாகச் சொல்லிக்கொண்டு புறப்படவில்லை. ‘ஒரு வருடம் மட்டும்’ என்றார்கள். ‘காரை வாங்கும் வரை’, ‘வீட்டுக்குக் கூரை போடும் வரை’, ‘ஆங்கிலம் கொஞ்சம் வரும் வரை’ என்றார்கள். போலந்தியரின் இடப்பெயர்வைப் புரிந்துகொள்ள, போனவர்களின் எண்ணிக்கையைவிட அந்த ‘மட்டும்’ என்ற சொல்லே பயனுள்ள திறவுகோல் என்பது என் கருத்து.

அந்தச் சொல்லுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. நாடு மூன்று பேரரசுகளிடையே பங்கு போடப்பட்டிருந்த 19ஆம் நூற்றாண்டில், அறுவடைக் காலத்தில் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிக்குப் போய்க் கூலிவேலை செய்துவிட்டுத் திரும்பும் வழக்கம் போலந்து விவசாயிகளிடையே பரவியிருந்தது. அதிலிருந்து வந்ததுதான் ‘சாக்ஸிக்குப் போவது’ என்ற தொடர். இன்றும் பருவகால வேலைக்கு எந்த நாட்டுக்குப் போனாலும், நெதர்லாந்துக் கண்ணாடிக் குடில்களில் தக்காளி பறிக்கப் போனாலும், அதைச் ‘சாக்ஸி’ என்றே சொல்கிறார்கள். சிகாகோவுக்கும் பிட்ஸ்பர்குக்கும் கப்பலேறியவர்களுக்கு வேறொரு தொடர் இருந்தது: ‘ரொட்டிக்காகப் போனவர்கள்’. அவர்களிலும் பலர் சுரங்கத்தில் சில ஆண்டுகள் உழைத்து, ஊரில் நிலம் வாங்கத் திரும்பியவர்களே. பிறகு வந்த கம்யூனிச ஆட்சியில் கடவுச்சீட்டை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது; பயணம் முடிந்ததும் காவல்துறை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தலைமுறையிடம் 1989ஆம் ஆண்டு மாற்றத்தைப் பற்றிக் கேட்டால், தேர்தலையும் சந்தையையும் போலவே இதையும் சொல்வார்கள்: கடவுச்சீட்டு மேசை இழுப்பறைக்கு வந்துவிட்டது. நினைத்தபோது போகலாம் என்றால் நினைத்தபோது வரவும் செய்யலாம். திரும்ப விடமாட்டார்களோ என்ற பயம் போனபின், போகும் முடிவு அவ்வளவு கனமானதாக இருக்கவில்லை.

இதைக் கண்ணெதிரே காட்டும் ஊர் ஷெமியாதிச்சே. போலந்தின் கிழக்கோரத்தில், பெலாரஸ் எல்லைக்கு அருகே, பூக் ஆற்றையொட்டி உள்ள சிறு நகரம்; மக்கள்தொகை 15,000ஐத் தாண்டாது. இந்த ஊருக்கும் 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பிரசல்ஸ் நகருக்கும் இடையே 1980களின் பிற்பகுதியிலேயே ஒரு தடம் விழுந்துவிட்டது. முதலில் போன சிலர் தம் உறவுக்காரர்களை அழைத்தார்கள். அவர்கள் அண்டை வீட்டாரை அழைத்தார்கள். 1991 ஏப்ரலில் விசா இல்லாமல் மூன்று மாதம் தங்கலாம் என்ற ஏற்பாடு வந்தபின் வேன்களும் பேருந்துகளும் முறை வைத்து ஓடத் தொடங்கின. ஆண்கள் கட்டட வேலைக்கும் வீடு புதுப்பிக்கும் வேலைக்கும், பெண்கள் வீடு துடைக்கும் வேலைக்கும் போனார்கள். தங்குவதற்கு அனுமதி இருந்ததே தவிர வேலை செய்ய அனுமதி இல்லை. எனவே எல்லாம் கையில் காசு வாங்கும் வேலை.

மூன்று மாத வரம்பை இவர்கள் கையாண்ட விதம்தான் கவனிக்கத்தக்கது. ஒரு வீட்டில் துடைக்கும் வேலை கிடைத்த பெண், தன் மூன்று மாதம் முடிந்ததும் அந்த வேலையைத் தன் தங்கையிடமோ அண்ணியிடமோ ஒப்படைத்துவிட்டு ஊருக்குத் திரும்புவாள். அடுத்த மூன்று மாதம் கழித்து மீண்டும் அவள் முறை. வேலை ஒருவருடைய சொத்தாக இல்லாமல், ஒரு குடும்பத்தின் சொத்தாக, காணி நிலம் போல, கைமாறி வந்தது. உறவுக்கு வெளியே உள்ளவருக்கு வேலையைக் கைமாற்றினால் அதற்கு விலை வாங்கிக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. 2009இல் பெல்ஜியம் தன் தொழிற்சந்தையை முழுமையாகத் திறந்தபின் நிலைமை மாறியது. வீட்டுவேலைக்கு அரசு மானியத்தோடு கூடிய பற்றுச்சீட்டு முறை அங்கு ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. அதன் வழியாக இந்தப் பெண்கள் ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் உள்ள தொழிலாளர்கள் ஆனார்கள். வேலை சட்டப்படியானதும் முறை வைத்து மாறும் ஏற்பாட்டுக்கு அவசியம் குறைந்தது. போய்வந்துகொண்டிருந்தவர்கள் சட்டம் அனுமதித்த பிறகே அங்கே நிலையாகத் தங்கினார்கள்.

ஜெர்மனியில் இந்த முறைமாற்றம் இன்றும் ஒரு தொழிலாகவே நடக்கிறது. முதியவர்களோடு அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் போலந்துப் பெண்கள் இருவர் அல்லது மூவராகச் சேர்ந்து ஒரே வீட்டை முறை வைத்துக்கொள்கிறார்கள்; ஒருவர் ஆறு வாரமோ மூன்று மாதமோ இருந்து திரும்ப, மற்றவர் வருகிறார். பலர் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். ஊரில் தங்கள் ஓய்வூதியம் போதாமலோ மகனின் வீட்டுக்கடனுக்காகவோ வந்தவர்கள். விளம்பரத்தில் ‘24 மணி நேரப் பராமரிப்பு’ என்றும் ஒப்பந்தத்தில் வாரத்துக்கு முப்பது மணி நேரம் என்றும் எழுதப்படும் முரண்பாட்டை ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2021 ஜூனில் ஒரு வழக்கில் எடுத்துப் பேசியது. வழக்குத் தொடுத்தவர் பல்கேரியப் பெண்மணி. கூப்பிட்டால் எழுந்து வரத் தயாராக இருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு ஒவ்வொரு வீட்டுப் படுக்கையறைக்குள்ளும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று யாரும் நம்பவேண்டியதில்லை.

லண்டனுக்கு வருவோம். 2004க்குப் பின் விக்டோரியா பேருந்து நிலையத்தில் வந்திறங்கியவர்களில் கணிசமானோர் அடுத்ததாகத் தேடிப் போன இடம், மேற்கு லண்டன் ஹாமர்ஸ்மித் பகுதியின் கிங் தெருவில் இருந்த ஒரு கடைச் சன்னல். அறை வாடகைக்கு, ஓட்டுநர் தேவை, சாந்து பூசத் தெரிந்தவர் தேவை என்று கையால் எழுதிய துண்டுச் சீட்டுகள் அதில் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். ஜெருசலேமின் புலம்பற் சுவர் நினைவாக அதற்குப் போலந்தியர் வைத்த பெயரும் ‘புலம்பற் சுவர்’தான். ஆங்கிலம் தெரியாமல், கையில் ஒரு வாரச் செலவுக்கான காசோடு நிற்பவரிடம், ‘வேலை வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் பிடுங்கிக்கொண்டு மறையும் ஆசாமிகளும் அதே நடைபாதையில் நின்றார்கள். அவர்களும் போலிஷ் பேசினார்கள்.

அதே தெருவில்தான் போலந்துச் சமூகப் பண்பாட்டு மையமான ‘போஸ்க்’ கட்டடமும் இருக்கிறது. அதைக் கட்டியவர்கள் வேறு வகைப் போலந்தியர். 1940, 41ஆம் ஆண்டுகளில் கிழக்குப் போலந்திலிருந்து சோவியத் அரசால் சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் நாடுகடத்தப்பட்டவர்களில் உயிர் தப்பியோர், போலந்து ஜெனரல் ஆண்டர்சின் படையோடு 1942இல் ஈரான் வழியாக வெளியேறினார்கள். வீரர்கள் இத்தாலியின் மோன்டே காசினோ வரை சென்று போரிட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் பல நாடுகளுக்குச் சிதறினார்கள். இந்தியாவும் அவற்றுள் ஒன்று: ஜாம்நகர் அருகே பாலாசடியில் நவநகர் மன்னர் அமைத்த சிறார் முகாமும், கோலாப்பூர் அருகே வாலிவடேயில் சுமார் 5,000 பேர் 1948 வரை வாழ்ந்த குடியிருப்பும் அவர்களுக்கானவை. போர் முடிந்தபோது அவர்களது ஊர்கள் சோவியத் எல்லைக்குள் போய்விட்டன, திரும்ப இடமில்லை. 1947ஆம் ஆண்டுப் போலந்தியர் மறுகுடியமர்வுச் சட்டத்தின் கீழ் படைவீரர்கள் பிரிட்டனில் தங்கினார்கள். இந்தியாவிலிருந்த குடும்பங்கள் பலவும் அங்கு போய்ச் சேர்ந்தன. கம்யூனிச ஆட்சி வீழ்ந்ததும் திரும்பிவிடுவோம் என்று நாற்பதாண்டுக் காலம் காத்திருந்த தலைமுறை இது. அவர்களுடையதும் ஒரு தற்காலிகம்தான். காசுக் கணக்கில் தொடங்கியதில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

எனவே 2004இல் வந்தவர்களைப் பழையவர்கள் இரு கை நீட்டி வரவேற்றுவிடவில்லை. நாட்டை இழந்து வந்தவர்களுக்கு, நாடு இருந்தும் பாத்திரம் கழுவ வருபவர்களைப் புரியவில்லை. அவர்களது பேச்சுமொழியில் இருந்த கொச்சையும் பிடிக்கவில்லை. புதியவர்களுக்கோ, போருக்கு முந்தைய உச்சரிப்போடு பேசி, ஞாயிறு வழிபாட்டுக்குப் பின் பதக்கம் அணிந்து நிற்கும் கிழவர்கள் அருங்காட்சியகத்துப் பொருளாகத் தோன்றினார்கள். இரு சாராரும் ஒரே தேவாலயத்தில் உட்கார்ந்தார்கள் என்பதே பிணைப்பாக இருந்தது. வாரக்கடைசிப் பள்ளிகள் பிழைத்ததும் அதனால்தான்.

2006 வாக்கில் லண்டன் போலந்தியரைப் பேட்டி கண்டு ஆராய்ந்த சமூகவியலாளர்கள் அவர்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். பருவத்துக்கு வந்து சம்பாதித்துத் திரும்புபவர்கள் நாரைகள். போலந்தில் மின்கம்பத்து உச்சியில் கூடு கட்டி, குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்கா போய்வரும் வெண்ணாரையைக் காணாத கிராமமே இல்லை என்பதால் உவமை பொருத்தமானது. ஒரே மூச்சில் சேமித்துக்கொண்டு ஊரில் முதலீடு செய்யத் திரும்புபவர்கள், கன்னத்தில் தானியத்தை அடக்கிச் செல்லும் ஹாம்ஸ்டர் எலிகள். தங்கிவிட முடிவு செய்தவர்கள் ஒரு வகை. இந்த மூன்றிலும் சேராமல், போவேனா இருப்பேனா என்று வேண்டுமென்றே முடிவெடுக்காதவர்கள் நான்காம் வகை. அவர்களே மிகப் பெரிய பிரிவாக, பத்தில் நால்வராக இருந்தார்கள். அந்த நிச்சயமின்மையைக் குழப்பம் என்று எடுத்துக்கொண்டால் தவறு. பவுண்டின் மதிப்பு எங்கே போகும், போலந்தில் சம்பளம் எப்போது உயரும், கர்ப்பம் தரித்தால் எந்த நாட்டில் பெறுவது என்பதெல்லாம் தெரியாதபோது, இரண்டு கதவையும் திறந்து வைத்திருப்பதே அறிவுடைமை என்று அவர்கள் கருதினார்கள்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. ‘ஸ்மிவாக்கில் இருக்கிறான்’ என்ற போலிஷ் தொடருக்குப் பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நிற்கிறான் என்று பொருள். பட்டம் பெற்றும் வெளிநாட்டில் கடைநிலை வேலை பார்க்கும் ஒரு தலைமுறைக்கே அது பெயராகிவிட்டது. சேமக்கிடங்கில் இரவுப் பணி, கோழி இறைச்சித் தொழிற்சாலை, உணவகத்தின் பின்கட்டு. ஒரு வருடம்தானே என்பதால் தன் படிப்புக்கு ஏற்ற வேலையைத் தேடவில்லை, பட்டத்துக்கு அங்கீகாரம் வாங்க விண்ணப்பிக்கவில்லை, தொழிற்சங்கத்தில் சேரவில்லை. ஒரு வருடம்தானே என்பதால் இரண்டு படுக்கையறை வீட்டில் எட்டுப் பேர் தங்கினார்கள். பகல் பணிக்காரர் எழுந்த மெத்தையில் இரவுப் பணிக்காரர் படுத்தார். முதலாளிகளுக்கும் முகவர்களுக்கும் இது மிக வசதியாக இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. லிங்கன்ஷயரின் பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள காய்கறி வயல்களில் விடியற்காலை வேனில் ஏற்றிச் செல்லப்பட்டவர்களுக்கு உள்ளூர்க்காரர்களோடு பேச வாய்ப்பே இல்லை; உள்ளூர்க்காரர்கள் கண்டதெல்லாம் ஏறிவிட்ட வாடகையும் பெருகிவிட்ட போலிஷ் பெயர்ப்பலகைகளும்தான். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் பிரிட்டனிலேயே மிக அதிகமாக, 75.6 விழுக்காடு, ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தது அந்தப் பாஸ்டன்.

அன்றாட வாழ்வில் இந்த இரட்டை இருப்பு எப்படி இருந்தது என்பதற்குப் போலந்துக் கடை நல்ல சான்று. எந்தச் சிறு ஆங்கிலேய ஊரிலும் ‘போல்ஸ்கி ஸ்க்லெப்’ என்ற பலகை தொங்கியது. உள்ளே புகைபோட்ட கியெவ்பாசா இறைச்சி, நம் பன்னீருக்கு நெருங்கிய த்வாரூக், உப்புநீரில் புளிக்கவைத்த வெள்ளரி, புளித்த மாவில் செய்யும் ஷூரெக் சூப்பின் கலவைப் பொட்டலம். இவை கிடைத்தன என்பதோடு, பின்சுவரில் அறை வாடகைச் சீட்டும், வாரம் ஒருமுறை வீட்டு வாசலில் பொட்டலம் எடுத்து ஊரில் வீட்டு வாசலில் இறக்கும் வேன்காரரின் எண்ணும் ஒட்டியிருந்தன. பல்வலி என்றால் மலிவு விமானச்சீட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்ப் பல் பிடுங்கி வந்தவர்கள் ஏராளம். எதற்கெடுத்தாலும் பாராசிட்டமால் போட்டுக்கொள் என்று பிரிட்டிஷ் மருத்துவர் சொல்லுவதாக அவர்களிடையே ஒரு நிரந்தரப் புகார் உண்டு. நவம்பர் 1ஆம் தேதி, அனைத்துப் புனிதர் நாளன்று, முன்னோர் கல்லறையைத் துடைத்து விளக்கேற்றுவதற்காகவே விமானம் ஏறுபவர்களும் உண்டு.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தான விகிலியாவில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். மேசைவிரிப்புக்கு அடியில் சிறிது வைக்கோல். பன்னிரண்டு வகை இறைச்சியில்லா உணவு. எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்காக ஒரு காலித் தட்டு. உண்ணத் தொடங்குமுன், நற்கருணை அப்பத்தை ஒத்த, படம் பொறித்த மெல்லிய ஒப்வாடெக் தாளை ஒருவருக்கொருவர் நீட்டி, ஆளுக்கொரு துண்டு உடைத்து, வாழ்த்துச் சொல்லி உண்பார்கள். அயல்நாட்டில் இருப்பவருக்கு அந்த ஒப்வாடெக்கை டிசம்பர் தொடக்கத்திலேயே கடித உறைக்குள் வைத்து அஞ்சலில் அனுப்புவார்கள். தாய் தன் துண்டை உடைத்துக்கொண்டு மீதியை அனுப்புவதும் வழக்கம். உறை வந்து சேர்கையில் அது பெரும்பாலும் நொறுங்கித்தான் இருக்கும். எப்படியும் உடைக்க வேண்டியதுதானே என்று சிரித்துக்கொள்வார்கள்.

விருந்தாளித் தட்டு எந்த வீட்டில் யாருக்காகக் காத்திருந்தது என்ற கேள்வி 2007, 2008ஆம் ஆண்டுகளில் போலந்துப் பத்திரிகைகளில் வேறு வடிவில் எழுந்தது. பெற்றோர் அயல்நாட்டில் இருக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளைகளுக்கு ‘யூரோ அநாதைகள்’ என்று பெயர் சூட்டினார்கள். பள்ளிகளில் கையெழுத்துப் போடப் பாதுகாவலர் இல்லாத பிள்ளைகள் இருந்தது உண்மை, பிரச்சினை மெய்யானது. ஆனால் தந்தைமார் தலைமுறை தலைமுறையாகச் சாக்ஸிக்கும் சிகாகோவுக்கும் போனபோது இப்படி ஒரு சொல் பிறக்கவில்லை. தாய்மார் பெருமளவில் போகத் தொடங்கிய பிறகுதான் பிள்ளைகள் ‘அநாதைகள்’ ஆனார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தற்காலிகம் எங்கே உடைந்தது? பலர் எதிர்பார்த்த இடத்தில் உடையவில்லை. 2008 கோடையில் பவுண்டு 4 ஸ்வோட்டியை ஒட்டிச் சரிந்திருந்தது. தொடக்கத்தில் சொன்ன அதே கணக்கைப் போட்டால் 26 மணி நேரம் 50 மணி நேரமாகிவிட்டது. அடுத்து நிதி நெருக்கடி வந்தது. 2009இல் ஒன்றியத்திலேயே பொருளாதாரம் சுருங்காத ஒரே நாடு போலந்து. கூட்டம் கூட்டமாகத் திரும்பிவிடுவார்கள் என்று இரு நாட்டுச் செய்தித்தாள்களும் எழுதின. ஒரு பகுதியினர் திரும்பவும் செய்தார்கள். ஆனால் 2011இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் போலந்தில் பிறந்த தாய்மாருக்கு 20,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. வெளிநாட்டில் பிறந்த தாய்மாரில் அவர்களே முதலிடம். பிள்ளை பள்ளியில் சேர்ந்துவிட்டால், காரை வாங்கும் வரை என்ற கணக்கெல்லாம் பள்ளி ஆண்டுக் கணக்காக மாறிவிடுகிறது. முதலில் தொடக்கப்பள்ளி முடியட்டும் என்பார்கள். பிறகு பொதுத்தேர்வு முடியட்டும் என்பார்கள்.

அந்தப் பிள்ளைகள் சனிக்கிழமை காலையில் போலிஷ் பள்ளிக்குப் போகிறார்கள். லண்டனில் 1953இல் படைவீரர் தலைமுறை தொடங்கிய கல்விச் சங்கமே இத்தகைய பள்ளிகள் பலவற்றுக்கு இன்றும் குடை. ஏழு வேற்றுமை, பெயரடை எல்லாம் தலைவலிதான் என்றாலும் ஆசிரியைகளைத் துணுக்குற வைப்பது வேறு. போலிஷில் பெரியவரை ‘நீ’ என்று விளிப்பது பெரும் மரியாதைக் குறைவு; ‘பான்’, ‘பானி’ என்று ஐயா, அம்மா போட்டுப் படர்க்கையில் பேச வேண்டும். ஆங்கிலத்தில் எல்லாரையும் ஒரே சொல்லால் அழைத்துப் பழகிய பிள்ளை, ஆசிரியையைப் பார்த்து வெள்ளந்தியாக ‘நீ’ என்கிறது. நீ, நீர், நீங்கள் என்று படிவைத்துப் பேசும் நமக்கு அந்த ஆசிரியையின் முகம் எப்படிப் போகும் என்று விளக்க வேண்டியதில்லை. பெற்றோர் பேச்சும் கலந்துவிட்டது. கூடுதல் நேர வேலை ‘ஓவர்டைமி’, அரசு உதவித்தொகை ‘பெனஃபிட்டி’ என்று ஆங்கிலச் சொல்லுக்குப் போலிஷ் விகுதி ஒட்டி ஒரு புது வழக்கு உருவாகி, ஊரில் இருப்பவர்களுக்குச் சிரிப்பூட்டுகிறது.

தற்காலிகத்தைக் காகிதத்தில் முடித்து வைத்தது பிரெக்சிட். வாக்கெடுப்பு நடந்த வாரக்கடைசியிலேயே போஸ்க் கட்டட வாசலில் வசை எழுதப்பட்டது. அடுத்த நாட்களில் அக்கம்பக்கத்து ஆங்கிலேயர் பூங்கொத்துகளையும் அட்டைகளையும் கொண்டுவந்து குவித்தார்கள். இரண்டும் நடந்தன. ஆனால் வசையைவிட ஆழமாகப் பாய்ந்தது ஒரு படிவம். 2021 ஜூன் 30க்குள் ஒவ்வொருவரும் குடியிருப்பு நிலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஐந்தாண்டு தொடர்ந்து வாழ்ந்ததற்குச் சான்று காட்டினால் ‘நிலைபெற்றவர்’, இல்லையென்றால் ‘நிலைபெறுவதற்கு முந்தையவர்’. பதினைந்து ஆண்டு இரு கதவையும் திறந்து வைத்திருந்தவர்களிடம், எந்தக் கதவு என்று முதன்முறையாக ஓர் அரசு கேட்டது. முறை வைத்துப் போய்வந்தவர்களுக்கு, பணமாகக் கூலி வாங்கியவர்களுக்கு, வாடகை ஒப்பந்தம் வேறொருவர் பெயரில் இருந்தவர்களுக்கு, தொடர்ச்சியை நிரூபிப்பதே போராட்டமாயிற்று.

போலந்து அரசோ தன் பக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அங்கு ‘மெல்துனெக்’ எனப்படும் முகவரிப் பதிவு முறை உண்டு. போனவர் தன் நிரந்தர முகவரியை நீக்கிக்கொள்வது அபூர்வம். எனவே பத்தாண்டு கழிந்தும் அவர் பெற்றோர் வீட்டு விலாசத்திலேயே வசிப்பவர். போலந்தின் மையப் புள்ளியியல் அலுவலகம் இவர்களைத் ‘தற்காலிகமாக வெளிநாட்டில் தங்கியிருப்போர்’ என்று தனியே மதிப்பிடுகிறது: 2004 இறுதியில் 10 லட்சம், 2007 இறுதியில் 22.7 லட்சம், 2017இல் சுமார் 25 லட்சம். நிரந்தரமாகக் குடிபெயர்ந்ததாகப் பதிவானவர்கள் இதில் மிகச் சொற்பம். 2022இல் அரசு ஒரு வரிச்சலுகை கொண்டுவந்தது: மூன்று ஆண்டுக்குக் குறையாமல் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்புவோருக்கு, ஆண்டுக்கு 85,528 ஸ்வோட்டி வரையிலான வருவாய்க்கு நான்கு ஆண்டுகள் வருமான வரி இல்லை. அதைப் பெறுவதற்கு, அந்த ஆண்டுகளில் தாம் போலந்தில் வாழவில்லை என்று காட்ட வேண்டும். தாம் போகவே இல்லை என்பது போல இத்தனை காலம் முகவரியையும் வங்கிக் கணக்கையும் ஊரிலேயே வைத்திருந்தவர்கள், போனதற்கு ஆவணம் தேடி அலைகிறார்கள்.

அவர்கள் திரும்பும் நாடும் பழைய நாடன்று. 2025இல் போலந்தின் குறைந்தபட்ச ஊதியம் 4,666 ஸ்வோட்டி, பவுண்டு 5 ஸ்வோட்டியை ஒட்டி, பிரிட்டனின் கூலி மணிக்கு 12.21 பவுண்டு, 26 மணி நேரக் கணக்கு அந்த ஆண்டில் சுமார் 76 மணி நேரம். 2016 முதல் போலந்தில் நிரந்தரமாகக் குடியேறுவோர், வெளியேறுவோரைவிட அதிகம். 2017 முதல் 2021 வரை ஒவ்வோர் ஆண்டும் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிக அதிகமான முதல் குடியிருப்பு அனுமதிகளைக் கொடுத்தது போலந்து. பெரும்பாலும் உக்ரைனியருக்கு. லண்டனுக்கும் ஜெர்மனியின் ரைன்லாந்துக்கும் போன கொத்தனாருடைய இடத்தை உக்ரைனின் லிவிவ் நகரத்துக் கொத்தனார் நிரப்பினார். ஜெர்மனியில் முதியவரைப் பார்க்கப் போன பெண்மணியின் தாயை, ஊரில் ஓர் உக்ரைனியப் பெண் பார்த்துக்கொண்டார். முதலாளி உள்ளூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஓர் உறுதிமொழியைப் பதிந்தால் போதும், பன்னிரண்டு மாதத்தில் ஆறு மாதம் வேலை செய்யலாம் என்ற எளிய ஏற்பாடு பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. ஆறு மாதம் முடிந்ததும் சகோதரியோ மைத்துனரோ அந்த இடத்துக்கு வந்தார். ஷெமியாதிச்சேக்காரர்களுக்கு இதில் அறியாதது எதுவும் இருந்திருக்காது.

2022 பிப்ரவரிக்குப் பிறகு வந்தவர்கள் வேலை தேடி வந்தவர்கள் அல்லர். பத்து லட்சத்தை ஒட்டிய உக்ரைனியர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், போலந்து அடையாள எண்ணோடு தற்காலிகப் பாதுகாப்பில் இருக்கிறார்கள். பாதுகாப்பின் காலக்கெடு முதலில் 2024 மார்ச் என்றிருந்தது. அது பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 செப்டம்பராகி, பிறகு 2026 மார்ச் 4 ஆயிற்று. 2024 செப்டம்பர் முதல் அவர்களது பிள்ளைகள் போலந்துப் பள்ளியில் சேர்வது கட்டாயம். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு மாதம் 800 ஸ்வோட்டி உதவித்தொகை இல்லை. வார நாட்களில் போலிஷில் படிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு, தம் மொழியும் வரலாறும் மறந்துவிடக் கூடாதென்று, வார்சாவில் சனிக்கிழமைகளில் உக்ரைனிய வகுப்புகள் நடக்கின்றன.